நீச்சல் கண்ணாடி ஏன் மங்குகிறது, மங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்: வரிசைப்படி ஒரு வழிகாட்டி

காலை ஆறு மணி பேட்சில் புதிதாகச் சேருகிறவர்களைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். இரண்டு நீளம் நீந்துவார்கள், கண்ணாடி மங்கும். சுவரைப் பிடித்து நின்று, கண்ணாடியைக் கழற்றி, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டுவார்கள். ஒரு நீளம் தெளிவாக இருக்கும். அப்புறம் முன்னைவிட மோசமாக மங்கும். மறுபடி கட்டைவிரல். ஒரு மாதத்தில் "இந்தக் கம்பெனியே சரியில்லை" என்று வேறொன்று வாங்குவார்கள். அதையும் அதே கட்டைவிரல் கெடுத்துவிடும்.

செய்ய வேண்டியவை பலருக்கும் பாதி தெரியும். வரிசைதான் தவறிப்போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் லென்ஸிலேயே ஷாம்பு போடுகிறார்கள். சூடான முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டு அப்புறம் தண்ணீரில் இறங்குகிறார்கள். அதனால்தான் எதை எப்போது செய்வது, ஏன் அப்படி என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

1. மங்குவது ஆவியாலா என்று முதலில் பாருங்கள்

"ஒன்றுமே தெரியவில்லை" என்று சொல்கிறவர்களில் சிலருக்குப் பிரச்சினை ஆவியே இல்லை. கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் வெண்மையாகப் பூத்திருந்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றியதும் தெளிந்துவிட்டால் அது ஆவி. கழுவிக் காய்ந்த பிறகும் மங்கலாகவே இருந்தால் கீறலாகவோ தண்ணீரின் உப்புப் படிவாகவோ இருக்கும். அதற்கு இந்த வழிகள் உதவாது.

கண்ணுக்குக் கீழே தண்ணீர் தேங்கி ஆடினால் அது கசிவு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு நடந்தது இதுதான். கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து பார்வை போய்விட, கைவீச்சுகளை எண்ணியே சுவர் எங்கே வரும் என்று கணித்து நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். நமக்கு அந்தப் பயிற்சி கிடையாது. கசிகிற கண்ணாடியோடு நீந்தப் பழகிக்கொள்ள வேண்டாம்.

கசிவைச் சோதிப்பது எளிது. பட்டையைத் தலையில் மாட்டாமல், கண்ணாடியைக் கண்குழிகளின் மேல் மெதுவாக அழுத்திக் கையை எடுங்கள். ஓரிரு விநாடியாவது ஒட்டி நின்றால் உங்கள் முக அமைப்புக்கு அது பொருந்துகிறது. உடனே விழுந்தால் மூக்கின் மேல் வரும் இணைப்பை மாற்றிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் வேறு மாடல்தான் வேண்டும். பட்டையை இறுக்கி இந்தக் குறையைச் சரிக்கட்ட முடியாது. இறுக்குவதால் ஆவி குறையவும் செய்யாது, கண்ணைச் சுற்றி வளையம்தான் விழும்.

2. உள்ளே என்ன நடக்கிறது

இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். கண்ணாடிக்குள் நடப்பதும் அதுவே. கண்ணைச் சுற்றியுள்ள தோல் சுமார் 33, 34 டிகிரி சூட்டில் இருக்கிறது. அந்தத் தோலின் வியர்வையும் கண்ணின் ஈரமும் ஓயாமல் ஆவியாகின்றன. அடைபட்ட அந்தச் சின்ன இடத்தில் காற்று சீக்கிரமே ஈரத்தால் நிறைந்துவிடும். லென்ஸின் வெளிப்பக்கமோ குளத்துத் தண்ணீரில் நனைந்து குளிர்ந்திருக்கிறது. போட்டிக் குளங்களுக்கு உலக நீச்சல் கூட்டமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் விதித்திருக்கும் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி வரை.

33 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 35 கிராம் நீராவியைத் தாங்கும். 27 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 26 கிராம்தான் தாங்கும். மிச்சம் லென்ஸில் படிந்தே ஆக வேண்டும். மே மாதம் திறந்தவெளிக் குளத்தின் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது குறைவாக மங்குகிற கண்ணாடி, மார்கழிக் காலையில் அதிகமாக மங்குவதும் இதனால்தான். கண்ணாடி மாறவில்லை, தண்ணீருக்கும் முகத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் கூடியிருக்கிறது.

மூச்சுக்கு இதில் பெரிய பங்கில்லை. கொரோனா காலத்தில் மாஸ்க் போட்டபோது மூக்குக்கண்ணாடி மங்கியது நினைவிருப்பதால், நிறையப் பேர் மூச்சைக் குறை சொல்கிறார்கள். நீச்சல் கண்ணாடிக்குள் மூக்கு வருவதில்லை. கடலுக்குள் பார்க்கப் போடும் டைவிங் மாஸ்க்கில்தான் மூக்கும் உள்ளே இருக்கும்.

ஆக, ஈரம் வருவதை நிறுத்த வழியில்லை. அது லென்ஸில் எப்படி உட்கார்கிறது என்பதைத்தான் மாற்ற முடியும். லென்ஸ் பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பூச்சு இல்லாத பிளாஸ்டிக்கில் தண்ணீர், தாமரை இலை அளவுக்கு இல்லாவிட்டாலும், பரவாமல் பொடிப்பொடித் துளிகளாகவே நிற்கும். ஆயிரக்கணக்கான அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அதே தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் நேராகப் பார்க்கலாம். புதுக் கண்ணாடியின் உள்பக்கத்தில் போட்டு வரும் ஆன்டி-ஃபாக் (மங்குவதைத் தடுக்கும்) பூச்சு, ஸ்ப்ரே, ஷாம்பு, எச்சில் எல்லாம் செய்வது இந்த ஒரே வேலைதான். அவை இருக்கும்போது தண்ணீர் துளியாகத் திரளாமல் விரிந்து படிகிறது.

கட்டைவிரல் ஏன் கெடுக்கிறது என்பதும் இதிலிருந்து புரியும். விரல் அப்போதைக்குத் துளிகளை அழித்துவிடும். கூடவே பூச்சைச் சுரண்டிவிட்டு, தோலின் எண்ணெயைத் தடவியும் விடும். எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் பரவாது.

3. உங்கள் கண்ணாடி எந்த நிலையில் இருக்கிறது: "ஹா" சோதனை

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். இனிமேல் சொல்வதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது இதைப் பொறுத்தது.

கண்ணாடியைச் சுத்தமான குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் முழுதும் காயவிடுங்கள். பிறகு உள்பக்கத்தில் வாயைக் கிட்டே வைத்து "ஹா" என்று ஊதுங்கள். வெள்ளையாகப் பூக்காவிட்டால், அல்லது பூத்த உடனே தெளிந்துவிட்டால், பூச்சு உயிரோடு இருக்கிறது. முழுக்க வெளுத்துச் சில விநாடிகள் அப்படியே நின்றால் பூச்சு போய்விட்டது, அல்லது அதன்மேல் எண்ணெய் ஏறியிருக்கிறது. எது என்று 5-ஆம் படியில் தெரிந்துவிடும்.

4. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கண்ணாடிக்கு ஒரு கடினமான டப்பா. வாங்கும்போது வந்த டப்பாவே போதும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பையில் சாவி, சீப்பு, லாக்கர் பூட்டு இவற்றோடு கிடக்கும் கண்ணாடிக்கு வேறு எதிரி வேண்டாம்.

ஒரு பாட்டில் குடிநீர். பல குளங்களில் குழாய் தூரத்தில் இருக்கும். கை எட்டும் இடத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் அலச வேண்டிய நேரத்தில் அலச மாட்டீர்கள்.

பூச்சு போன கண்ணாடி என்றால் பேபி ஷாம்பு. ஒரு பங்கு ஷாம்புக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சின்ன பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். காலியான கண் சொட்டு மருந்து பாட்டிலில் மட்டும் ஊற்றாதீர்கள். வீட்டில் யாராவது மருந்தென்று நினைத்துக் கண்ணில் விட்டுவிடக்கூடும். பேபி ஷாம்புவே ஏன் என்றால், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. பாத்திரம் தேய்க்கும் திரவமும் படலம் போடும், ஆனால் கண் எரிந்துவிடும். சீயக்காய் போடலாமா என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டாம், அதன் பொடி லென்ஸைக் கீறும், கண்ணையும் எரிக்கும்.

5. பிசுக்கை முதலில் நீக்குங்கள் (முந்தின நாள் இரவு, வீட்டில்)

பூச்சு நன்றாக இருக்கும் கண்ணாடிக்கு இந்தப் படி தேவையில்லை. அதைத் தண்ணீரில் அலசினால் போதும். புதுக் கண்ணாடியில் ஷாம்பு, சோப்பு எதையும் போடாதீர்கள்.

"ஹா" சோதனையில் தோற்ற கண்ணாடிக்கு மட்டும்: வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, கண்ணாடியை அதில் சில நிமிடம் ஊற வைத்து அசைத்துவிடுங்கள். பிசுக்கு விடாவிட்டால் விரல் நுனியால், அழுத்தமே இல்லாமல் ஒருமுறை தடவலாம். ஷாம்பு கொஞ்சமும் மிச்சமில்லாமல் பல தடவை அலசிக் காயவிட்டு மறுபடி ஊதிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் அதுவே படலமாக நின்று, பூச்சு இருப்பதுபோலக் காட்டிவிடும். சில கண்ணாடிகள் இந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும். போனது பூச்சு என்று நினைத்தோம், இருந்தது பிசுக்கு. இதைச் செய்யாமல் பிசுக்கின் மேலேயே ஷாம்புப் படலம் போட்டால், ஓடுகிற தண்ணீர் எண்ணெயோடு சேர்த்து அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். "ஷாம்பு போட்டுப் பார்த்தேன், பத்து நிமிடம்கூட நிற்கவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டி வந்தவர்கள்.

சுடு தண்ணீர் வேண்டாம். பூச்சும் கெடும், சிலிக்கோன் விளிம்பும் நாளடைவில் வளையும்.

6. முகம்: நம் ஊரில் அதிகம் தவறும் இடம்

நான் பார்த்த வரையில் பாதிக் கண்ணாடிகளைக் கெடுப்பது தேங்காய் எண்ணெய். குளோரின் முடியைக் கெடுக்கும் என்று தலை நிறைய எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள். அது நெற்றியில் வழிந்து, கையிலும் ஒட்டி, கையிலிருந்து லென்ஸுக்குப் போகும். முடியைக் காக்க வேண்டுமானால் குளிக்கும் ஷவரில் தலையை நன்றாக நனைத்துத் தொப்பி போடுங்கள். நனைந்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். குளத்துத் தண்ணீருக்கும் அது நல்லது.

குழந்தைகளின் கண் மை இன்னொரு காரணம். மையில் எண்ணெய் இருக்கிறது. அது கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் நேராக விளிம்பிலும் லென்ஸிலும் ஏறும். நீச்சல் நாளில் மட்டும் மை வேண்டாம் என்று பாட்டிகளிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

வெயிலில் நீந்துகிறவர்கள் சன்ஸ்கிரீனை விடக்கூடாது. ஆனால் அதை வீட்டிலேயே, கிளம்புவதற்கு முன் தடவிவிடுங்கள். கண்ணாடி உட்காரும் வளையத்தை விட்டுவிட்டுத் தடவுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை கழுவாமல் கண்ணாடியைத் தொட்டால் இதுவரை செய்தது எல்லாம் வீண்.

7. முகத்தைக் குளிர வைத்த பிறகே கண்ணாடி

ஷவரில் குளித்துவிட்டு நேராகக் கண்ணாடி மாட்டாதீர்கள். குளத்தில் இறங்குங்கள், அல்லது ஓரத்தில் உட்கார்ந்து குளத்துத் தண்ணீரையே முகத்தில் பத்துப் பன்னிரண்டு முறை அடித்துக்கொள்ளுங்கள். முகத்தை அரை நிமிடம் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விட்டுக் குமிழி விடுவது இன்னும் நல்லது. புதியவர்களுக்கு அது மூச்சுப் பயிற்சியும் ஆகும்.

வேகமாக நடந்தோ சைக்கிளிலோ வந்த முகம் கொதித்துக்கொண்டிருக்கும், வியர்வையும் நிற்காது. அந்தச் சூட்டைக் கண்ணாடிக்குள் வைத்து மூடினால் முதல் நீளத்திலேயே மங்கும். கண்ணாடியையும் இதே நேரத்தில் குளத்துத் தண்ணீரில் நனைய விடுங்கள் (பூச்சு போன கண்ணாடி என்றால், 8-ஆம் படியில் சொல்லும் படலத்தை முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகே நனையுங்கள்). முகமும் லென்ஸும் தண்ணீரும் எவ்வளவு நெருங்கிய சூட்டில் இருக்கின்றனவோ அவ்வளவு தாமதமாகத்தான் ஆவி வரும்.

8. படலம் போடுவது (பூச்சு போன கண்ணாடிக்கு)

இதைக் கண்ணாடி காய்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும். ஈர லென்ஸில் ஷாம்பு கரைந்து ஓடிவிடும், ஒட்டாது. அதனால் முகம் கழுவப் போகும் முன் இதைத் தொடங்கிவிடுங்கள். நீங்கள் முகத்தைக் குளிர வைக்கும் நேரத்தில் அது ஊறட்டும். கண்ணாடியை நனைக்க வேண்டியது அதன் பிறகுதான்.

கலந்து வைத்த ஷாம்புவில் ஒரு சொட்டை ஒவ்வொரு லென்ஸிலும் விட்டு, கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து உள்பக்கம் முழுக்கப் பரவச் செய்யுங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு குடிநீர் பாட்டிலிலிருந்து ஊற்றி ஓரிரு முறை மட்டும் அலசுங்கள். நுரை போனதும் நிறுத்திவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் மிஞ்சியிருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். "சுத்தமாகக் கழுவ வேண்டும்" என்று குழாயடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுபவர்கள் போட்டதையே எடுத்துவிடுகிறார்கள். ஒரு முறைகூட அலசாதவர்களுக்குக் கண் எரிகிறது.

கடையில் விற்கும் ஆன்டி-ஃபாக் ஸ்ப்ரேவுக்கும் இதே முறைதான். காய்ந்த லென்ஸ், கொஞ்ச நேரம் காத்திருப்பு, லேசான அலசல். ஜெல்லா ஸ்ப்ரேவா என்பதைப் பொறுத்து நேரம் மாறும். அட்டையில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்.

எச்சில் வேலை செய்யும். அதிலுள்ள புரதங்கள் தண்ணீரைப் பரவ வைக்கின்றன. கையில் எதுவும் இல்லாத நாளில், காய்ந்த லென்ஸில் தடவி ஒருமுறை அலசிப் போட்டுக்கொள்ளலாம். அலசுவது பாட்டில் தண்ணீரில் இருக்கட்டும், குளத்தில் வேண்டாம். சளி, தொண்டைவலி இருந்தால் இதைச் செய்யாதீர்கள். மெட்ராஸ் ஐ வந்திருந்தால் கண்ணாடி மங்குவதைப் பற்றிய கவலையே வேண்டாம், குணமாகும்வரை குளத்துக்கு வராதீர்கள். யாருக்கும் கண்ணாடியை இரவல் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

9. ஒரே தடவையில் மாட்டுங்கள்

தொப்பி முதலில், கண்ணாடி அடுத்து. விளிம்புக்கு அடியில் முடியோ தொப்பியின் ஓரமோ மாட்டியிருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் வரும். லென்ஸைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து முதலில் கண்களில் வைத்து, பிறகு பட்டையைப் பின்னால் இழுத்துத் தலையின் பின்புற மேட்டுக்குச் சற்று மேலே உட்கார வையுங்கள். மாட்டியதும் நீந்தத் தொடங்குங்கள். மாட்டிக்கொண்டு ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் முகம் மறுபடி சூடேறிவிடும்.

ஓய்வில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைக்கும் பழக்கத்தை விடுவதுதான் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது. நெற்றி அதிகமாக வியர்க்கும் இடம். அந்த வியர்வையும் சூடும் நேராக லென்ஸின் உள்பக்கத்தில் ஏறும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கழுத்தில் தொங்க விடுங்கள், தண்ணீரிலேயே கிடக்கும்.

10. நடுவில் மங்கிவிட்டால்

இவ்வளவு செய்தும் மங்கலாம். அதுவும் வேகமாக நீந்தி, நின்று, மறுபடி நீந்தும் பயிற்சியில் முகம் நன்றாகச் சூடாகும்போது மங்கும். அப்போதும் விரல் உள்ளே போகக் கூடாது.

சுவரைப் பிடித்துக்கொண்டு விளிம்பின் கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, சிறிது தண்ணீர் உள்ளே விட்டு, கண்ணை மூடித் தலையை அசைத்து, தண்ணீரை வெளியேற்றிவிட்டு விளிம்பை மறுபடி பதியுங்கள். தண்ணீரே துளிகளை ஒன்று சேர்த்து வழித்துவிடும். ஓரிரு துளி உள்ளே நின்றால் நல்லதுதான், அது லென்ஸில் உருண்டு அவ்வப்போது துடைத்துவிடும். கான்டாக்ட் லென்ஸோடு இதைச் செய்யக் கூடாது. உண்மையில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்குவதே கண்ணுக்கு ஆபத்து. பார்வைக் குறை உள்ளவர்களுக்குப் பவர் வைத்த நீச்சல் கண்ணாடிகள் இருக்கின்றன.

ஒரு விதிவிலக்கு. அரீனாவின் 'ஸ்வைப்' போன்ற சில கண்ணாடிகளின் பூச்சு, ஈரமாக இருக்கும்போது விரலால் தடவினால் மறுபடி வேலை செய்யும்படி தயாரிக்கப்பட்டது. பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் தடவுங்கள்.

11. வீட்டுக்குக் கிளம்பும் முன்

பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரில் கண்ணாடியை அலசி, உதறி, விளிம்பு கீழே பார்க்க நிழலில் வையுங்கள். குளோரினும் உப்பும் லென்ஸில் காய்ந்தால் பூச்சைத் தின்னும். கடலில் நீந்தியவர்கள் கட்டாயம் அலச வேண்டும், இல்லாவிட்டால் உப்பும் மணலும் அடுத்த முறை கீறும். துண்டால் துடைக்காதீர்கள். எவ்வளவு மெத்தென்ற துண்டாக இருந்தாலும் அதில் தூசி இருக்கும், ஈரமான பூச்சு மென்மையானது.

காய்ந்த பிறகு டப்பா. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும், விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் வரும். வெயிலில் நிற்கும் காரிலோ, பைக் சீட்டுக்கு அடியிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

12. பற்பசை, நெருப்பு, சானிடைசர்

வீடியோக்களைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் பற்பசையோடு வந்துவிடுகிறார். நானும் ஒருமுறை செய்தேன், பவர் வைத்த நல்ல கண்ணாடி ஒன்று அப்படித்தான் போயிற்று. பற்பசை வழி டைவிங் மாஸ்க்குக்கானது. அந்த மாஸ்க்குகளின் லென்ஸ் கெட்டிக் கண்ணாடி. தயாரிப்பின்போது அதில் படியும் சிலிக்கோன் படலத்தைத் தேய்த்து எடுக்கப் பற்பசையையும், சிலர் லைட்டர் சுடரையும் பயன்படுத்துகிறார்கள். நம் கையில் இருப்பது பிளாஸ்டிக். பற்பசையின் பொடி அதைக் கீறும், சுடர் உருக்கிவிடும். ஸ்பிரிட், சானிடைசர், நகப்பூச்சு நீக்கி மூன்றும் பூச்சையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கக்கூடியவை.

13. எப்போது மாற்றுவது

பூச்சு போனதற்காகக் கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் ஷாம்புப் படலம் போட முடிந்தால் அது இன்னும் நெடுநாள் ஓடும். பவர் கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய மிச்சம். விளிம்பு கெட்டியாகி ஒட்டி நிற்காமல் போனாலோ, வெளிச்சத்தில் பிடித்தால் கீறல்கள் வலைபோலத் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். பட்டை மட்டும் இற்றுப் போயிருந்தால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். பல மாடல்களுக்கு அது தனியாகக் கிடைக்கிறது. புதியது வாங்கினாலும் பழையதைப் பையிலேயே வைத்திருங்கள். குளத்துக்கு வந்து இறங்கும் நேரத்தில் பட்டை அறுவதும், கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வருவதும் எல்லோருக்கும் நடக்கிறது.